ஐம்பதுக்கு அடங்காத புகைவண்டி

பணிமனையில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். ‘புகைவண்டி’ என்றால்தான் தெரியும். ஓட்டுவதென்னவோ பேருந்துதான். வண்டி நின்றதும் இறங்கி ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பார். அது அணைவதற்குள் கை அடுத்ததைத் தேடிச் சட்டைப்பைக்குள் போய்விடும்.

அவருடைய அப்பா ஐம்பதைத் தொடாமலே மாரடைப்பில் போனவர். அண்ணனும் ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சரிந்து விழுந்தார். துக்கம் கேட்க வந்த தாய்மாமன் கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“உங்க அப்பன் வழி ரத்தம் அப்படி. ஆம்பளைங்களுக்கு ஐம்பதுதான் கெடு. நம்ம கையில என்ன இருக்கு?”

எல்லோரும் தலையாட்டினார்கள். சிலருடைய பார்வை, அடுத்த ஆள் இவர்தான் என்பதுபோல் புகைவண்டியின் மேல் வந்து நின்றது. அழுது வீங்கிய முகத்தோடு இருந்த மனிதருக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது.

“எவன் மாமா போட்ட கெடு? அண்ணன் ஒருநாளாவது பிரஷர் பார்த்திருக்காரா? எதையும் பார்க்காம விட்டுட்டு, ரத்தத்து மேல பழியப் போடுறீங்களே!”

சொன்ன பிறகுதான் உறைத்தது, தானும் பார்த்ததில்லை என்று. அந்த வாரமே மருத்துவரின் முன்னால் போய்க் கையை நீட்டினார். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. கொழுப்பும் அதற்குச் சளைக்கவில்லை. மருத்துவரம்மா இரண்டுக்கும் மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் முதலில் சிகரெட்டை விட வேண்டும் என்றார்.

“இதெல்லாம் செஞ்சா அட்டாக் வராதுன்னு எழுதித் தருவீங்களா?”

“எழுதித் தர முடியாது. ஆனா வர்ற வாய்ப்பை நல்லாவே குறைக்கலாம்.”

“அது போதும். மிச்சத்தோட நான் மல்லுக்கட்டிக்கறேன்.”

மல்லுக்கட்டுவது சுலபமாக இல்லை. சிகரெட்டை விட்ட புதிதில் வீட்டில் யார் தும்மினாலும் எரிந்து விழுந்தார். பணிமனையில் “புகைவண்டிக்குக் கரி தீர்ந்துபோச்சுடா” என்று சிரித்தார்கள். ஒரு பயணியோடு சண்டை போட்ட ஆத்திரத்தில் ஒருநாள் ஒன்றை வாங்கி இழுத்தும்விட்டார். மறுநாள் காலையில், விழுந்த இடத்திலிருந்தே எழுந்து, சிகரெட் இல்லாத முதல் நாளை மறுபடி ஆரம்பித்தார்.

சில மாதங்களில் அழுத்தம் கட்டுக்குள் வந்தது. மனைவியின் தம்பி அக்கறையாகக் கேட்டான்: “எல்லாம் நார்மல் ஆயிடுச்சே மச்சான், இன்னும் எதுக்கு மாத்திரை?”

“பிரேக் நல்லாப் பிடிக்குதுன்னு அதைக் கழட்டி வீசிட்டு வண்டி ஓட்டச் சொல்றியா?”

மைத்துனனை இப்படி மடக்கிவிட்டார். தங்கையின் வாயைத்தான் அடைக்க முடியவில்லை. தையல் கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவள். நாக்கு ஊசியைவிடக் கூர்மை. “நோய் வர்றதுக்கு முன்னாடியே நோயாளி ஆன ஒரே ஆளு எங்கண்ணன்தான்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவளுக்கே ரொம்ப நாளாகத் தலைவலி. மெஷின் சத்தம் என்று ஒதுக்கிவிடுவாள்.

ஒரு மாலை புகைவண்டி தையல் கூடத்து வாசலில் போய் நின்றுகொண்டார்.

“பிரஷர் பார்க்காம நான் இங்கேருந்து நகர மாட்டேன்.”

“அது நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்குத்தானேண்ணா!”

“அதை டாக்டர் சொல்லட்டும்.”

கூட வேலை செய்யும் பெண்கள் எட்டிப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிக்க, மானம் போகிறதே என்று அவள் கிளம்பினாள். மருத்துவரம்மா ஒரு தடவை பார்த்தார். கொஞ்ச நேரம் அவளைச் சும்மா உட்கார வைத்து மறுபடியும் பார்த்தார். அண்ணனுக்கு முதலில் இருந்ததைவிட அதிகம்.

“உங்கம்மா இருக்காங்களா?”

“இல்ல, தூக்கத்துலயே போயிட்டாங்க. அப்பா போன ஏக்கம்னு சொன்னாங்க.”

“வயசு?”

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐம்பத்தைந்துகூட ஆகவில்லை.

“இப்ப உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அதுவும் இதயக் கோளாறா இருந்திருக்கலாம். பெண்களுக்கும் வரும்மா.”

தங்கை வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதாள். அழுகை அடங்கியதும் அவளுக்கு வந்தது வெறும் ஆத்திரம். “ஏக்கமாம் ஏக்கம்! அம்மாவுக்கு என்னன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையேண்ணா. நாமளும்தானே கேக்கல!”

மறுவாரமே தையல் கூடத்துப் பெண்களை நாலைந்து பேராகப் பிரித்து மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வேலை கெடுகிறது என்று முதலாளி முணுமுணுத்தார். “ஆள் விழுந்தா மட்டும் வேலை நடக்குமா?” என்று கேட்டுவிட்டு அவரையும் கையோடு அழைத்துப் போனாள்.

புகைவண்டி ஐம்பதைத் தாண்டி சில வருடங்களாகிவிட்டன. மாத்திரை தொடர்கிறது, சிகரெட் ஆசையும் எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. தினமும் மாலையில் அண்ணனும் தங்கையும் பெரிய சாலையோரமாக நடக்கிறார்கள்.

“கால் வலிக்குது, மெதுவாப் போயேன்” என்பார் இவர்.

“பேச்சைக் குறைச்சிட்டுக் காலை எட்டிப் போடு” என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள் அவள்.