கமர் ஜஹான் பிடித்த நோன்பு

தென்னூர்ப் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், வாசற்படியை இடித்துவிட்டுச் சிமெண்டுச் சரிவு போட்ட வீடு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது கமர் ஜஹானின் வீடு. வாடகை வீடுதான். ஆனாலும் ‘என் வீடு’ என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு மிடுக்கு வரும். அந்த மிடுக்குக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகிற வியாதி அவளுக்கு. பள்ளிக்கூடத்திலேயே நடை தடுமாறியது. காலேஜ் முடிப்பதற்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது. இப்போது வயது முப்பத்தாறு. விரல்கள் மட்டும்தான் சொன்னபடி கேட்கின்றன. ஒரு கவளம் சோற்றை வாய்வரை கொண்டுபோகக் கையில் தெம்பில்லை. ஆனால் அந்த விரல்களை வைத்துக்கொண்டே கம்ப்யூட்டரில் பெரிய கடைவீதிக் கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. வேலை பார்த்துக் கொடுக்கிறாள். தப்பாகப் பில் அனுப்பிவிட்டு அசடு வழிகிற முதலாளிகளை போனிலேயே கிழிப்பதில் அவளுக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

இதற்கு முன் இருந்தது பாலக்கரையில், அண்ணன் முகம்மது கனியின் மாடி வீட்டில். அண்ணனுக்குப் பெட்டி, பை விற்கும் கடை. அத்தாவும் அம்மாவும் போன பிறகு தங்கையை உள்ளங்கையில் வைத்துத் தாங்கியவர். அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்பார்கள் தெருக்காரர்கள். தொல்லையே அதுதான். டாக்டர் கமரிடம் கேள்வி கேட்டால் அண்ணன் பதில் சொல்வார். எந்த நிறத்தில் சுடிதார் வேண்டுமென்று அண்ணன் மனைவி ஸஹ்ரா முடிவு செய்வாள். சாயங்காலம் டீ குடித்தால் ராத்திரி பாத்ரூமுக்குத் தூக்க வேண்டியிருக்கும் என்று, அவளுக்குச் சாயங்கால டீயே கிடையாது. யாரும் அதட்டியதில்லை. அன்பாகத்தான் நிறுத்தினார்கள். வருஷக்கணக்கில் அந்த மாடியை விட்டு அவள் இறங்கியது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்.

அங்கிருந்து அவளை இறக்கியவர் கோதைநாயகி. ஸ்ரீரங்கத்துக்காரர். போலியோவில் சூம்பிய கால்களோடு நாலு சக்கர ஸ்கூட்டரில் ஊரெல்லாம் சுற்றுகிறவர். பாங்க் வேலையை விட்டுவிட்டு உத்திர வீதியில் சுயவாழ்வு மையம் என்று ஒன்றை நடத்துகிறார். தானே முடிவெடுத்துத் தன் வீட்டில் வாழ விரும்பும் மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே பயிற்சி உண்டு. முதல் பாடமே தப்பு செய்யப் பழகுவதுதான். ‘அழுகின கத்திரிக்காயை வாங்கிட்டு வந்து நீயே வெட்கப்படணும். அந்த வெட்கம் உன்னோட சொத்து’ என்பார் கோதைநாயகி. கூடவே தங்கி உதவி செய்ய மையமே ஆள் பழக்கிக் கொடுக்கும். அவர்களை அங்கே ‘கை’ என்றுதான் சொல்வார்கள். ‘உங்க கை வந்தாச்சா?’, ‘என் கை இன்னைக்கு லீவு’ என்று பேசிக்கொள்வார்கள். அந்தக் கைகளுக்கு ஒரே ஒரு சட்டம்: சொன்னதைச் செய்யலாம், பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது. கைக்கு வாய் கிடையாது.

கமருக்கு அமைந்த கை லூர்துராணி. மேலப்புதூர்க்காரி. புருஷன் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். முதல் நாள் சாயங்காலமே கமர் கேட்டது ஒரு டீ. லூர்துராணி ஏனென்று கேட்கவில்லை. இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தாள். அந்த டீயைக் குடித்துவிட்டுக் கமர் கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

தனி வாழ்க்கையில் அவளுக்கு அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. காஸ் புக் பண்ண மறந்து அடுப்பு அணைந்த அன்றைக்கே சிலிண்டர் வந்து இறங்கியது. நாற்காலியின் பேட்டரி மக்கர் பண்ணினால் மெக்கானிக் அந்தப் பக்கமாகவே வந்துகொண்டிருந்தேன் என்பான். ஆட்டோக்கார இம்தியாஸ் எப்போது பார்த்தாலும் சந்து முனையில் சும்மாவே நிற்பான். ‘அல்லாஹ் எனக்குன்னு தனியா ஒரு வழி திறந்து வச்சிருக்கான் ராணிக்கா’ என்பாள் கமர். லூர்துராணி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே பாத்திரம் தேய்ப்பாள்.

இந்த வருஷம் ரமலானும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் ஒன்றாகவே தொடங்கின. கமருக்கு ஒரு ஆசை. வியாதி முற்றியதிலிருந்து அவள் நோன்பு பிடித்ததில்லை. நோயாளிக்குக் கடமையில்லை என்று மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. அவளுக்குப் பதிலாக ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கும் பொறுப்பையும் அண்ணனே எடுத்துக்கொண்டிருந்தார். அவள் பங்குக்கு அல்லாஹ்விடம் பேசுவதுகூட அவர்தான் என்று ஆகிவிட்டது. இந்தத் தடவை டாக்டரிடம் அவளே போனில் கேட்டாள். மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்து, தலை சுற்றினால் உடனே முறித்துவிடு என்று அவர் சம்மதித்தார். வேறு யாருக்கும் சொல்லவில்லை. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பி ஊட்டவேண்டியவள் என்பதால் லூர்துராணிக்கு மட்டும் சொன்னாள்.

“தவக்காலத்துக்கு நானும் ஒரு சந்திதாம்மா, பகல்ல பட்டினிதான். ரெண்டு பேரும் சேர்ந்தே இருப்போம்” என்றாள் லூர்துராணி.

அப்படித்தான் இருந்தார்கள். பகல் பூராவும் இருவரும் பட்டினி. சாயங்காலம் லூர்துராணி தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்குப் போய் நோன்புக்கஞ்சி வாங்கி வருவாள். மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் முதல் பேரீச்சம்பழத்தைக் கமரின் வாயில் வைத்துவிட்டு, அப்புறம்தான் தன் வாய்க்குக் கொண்டுபோவாள். இவ்வளவு நிறைவாக ஒரு ரமலானைக் கமர் கண்டதில்லை.

முதல் வெள்ளிக்கிழமை மதியம் அண்ணனின் போன் வந்தது.

“கமரு, நோன்பை முறிச்சிரும்மா. உன் உடம்புக்கு இதெல்லாம் தாங்காது. உன் பேர்ல நான்தான் சாப்பாடு குடுத்துக்கிட்டு இருக்கேனே?”

“நான் நோன்புன்னு உங்களுக்கு யாரு சொன்னா அண்ணே?”

அந்தப் பக்கம் இரண்டு இருமல் கேட்டது. கடையில் ஆள் நிற்கிறார்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

கமருக்குக் கணக்கு மூளை. சிலிண்டர், மெக்கானிக், சந்து முனை ஆட்டோ எல்லாம் வரிசையாக வந்து கண்முன் நின்றன. அவளுடைய அதிர்ஷ்டத்தின் முகத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள். அது அச்சு அசலாக அண்ணனின் முகம்.

“ராணிக்கா, இங்க வாங்க. அண்ணன்கிட்ட தினமும் பேசுறீங்களா?”

லூர்துராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “காசு வாங்கலம்மா. மாதா சத்தியமா ஒரு பைசா வாங்கல. நீங்க பட்டினி கெடந்து ஏதாச்சும் ஆயிருச்சுன்னா பழி என் தலைமேல தானே விழும்? பயந்துட்டேன்.”

“நோன்பு பத்தி மட்டும்தான் சொன்னீங்களா?”

“வந்த நாள்லேருந்து எல்லாந்தாம்மா” என்றாள் அவள். “சாயங்காலம் கஞ்சி வாங்கப் போறப்ப, காய் வாங்கப் போறப்ப, வெளிய நின்னு பேசிட்டு வருவேன்.”

கமர் அவளுடைய கையையே பார்த்தாள். தன் உடம்பின் ஒரு மூலை பாக்கியில்லாமல் பார்த்த கை அது. யாருக்கும் காட்டாததைக் காட்டியது, இந்தக் கைக்கு வாய் இல்லை என்று நம்பித்தான். எப்பேர்ப்பட்ட ஏமாளி நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை, மையத்தில் கூட்டம். சரிவுப் பலகை வைத்த மையத்து வேன் வந்தது. லூர்துராணியும் கூடவே ஏறிக்கொண்டாள். கோதைக்காவிடம் சொன்னால் இவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார் என்ற ஒரே நினைப்பில் கமர் போனாள்.

அன்று புதிதாகச் சேர வந்தவர்கள் இருந்தார்கள். துவாக்குடியில் இஞ்சினீயரிங் படிக்கும்போது விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட சித்தார்த்தன் என்பவன் முன்வரிசையில் இருந்தான். கோதைநாயகி வழக்கமான பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கமரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“இதோ, எங்க மையத்தோட பெருமை வந்துட்டா. கமர், நீயே இவாளுக்குச் சொல்லு. உன் கைக்கு வாய் உண்டோ?”

“உண்டு அக்கா. தினமும் சாயங்காலம் எங்க அண்ணன்கிட்ட பேசுது.”

கோதைநாயகி திகைத்திருந்தால் கமர் பிழைத்திருப்பாள். அவர் திகைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

“உங்களுக்கும் தெரியுமா அக்கா?”

“உள்ளே வா, பேசிக்கலாம்.”

“இங்கயே பேசுங்க. இவங்களும் கேட்கட்டும்.”

“உங்க அண்ணா முதல்ல வந்து என்ன சொன்னார் தெரியுமா?” என்றார் கோதைநாயகி. “என் தங்கையைத் தனியா விடமாட்டேன், போலீஸுக்குப் போவேன்னார். தினமும் சேதி வந்தாத்தான் அனுப்புவேன்னார். முடியாதுன்னு நான் சொல்லியிருந்தா நீ இன்னும் அந்த மாடியிலதான் இருந்திருப்பே. ரங்கநாதன் சாட்சி, உன் நல்லதுக்குத்தான் பண்ணேன்.”

“எங்க அண்ணனும் அதையேதான் சொல்றாரு அக்கா. என் நல்லதுக்குன்னு.”

“கொஞ்ச நாளைக்குன்னுதான் நினைச்சேன். அப்புறம் சொல்ற தைரியம் வரலை.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? நான் ஒத்துக்கிட்டிருப்பேனோ என்னமோ. கேட்டிருக்கலாமே!”

முன்வரிசையிலிருந்து சித்தார்த்தன்தான் பேசினான். “மேடம், எங்க வீட்டுலயும் இந்த மாதிரி பேசியிருக்கீங்களா?”

கோதைநாயகி மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார்.

வீடு திரும்பும்போது பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. வழக்கமாக லூர்துராணி தூக்குவாளியோடு கிளம்பும் வேளை. “இன்னைக்குக் கஞ்சி வேணாம்” என்று அவளை நிறுத்திவிட்டுக் கமர் அண்ணனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“அண்ணே, இன்னையிலேருந்து சேதியை நானே சொல்லிடறேன். ராணிக்காவுக்கு எதுக்குச் சிரமம்? காலையில குளிச்சாச்சு. முதுகுல புண் ஒண்ணும் இல்ல. மோஷன் ஒரு தடவை போச்சு, கொஞ்சம் இறுக்கம்தான். தீட்டு இன்னும் வரல, வந்ததும் சொல்றேன்.”

“சீ! என்ன பேச்சு இது கமரு?”

“தினமும் நீங்க கேட்டுக்கிட்ட பேச்சுதான் அண்ணே. என் வாயால கேட்கும்போதுதான் கூசுதா?”

“நான் அதெல்லாம் கேட்டேனாம்மா? நல்லா இருக்காளான்னுதான் கேட்டேன். அந்தம்மாதான் எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே போகும்…”

“நல்லா இருக்கியான்னு என்னைக் கேட்க உங்களுக்கு என்ன தடை அண்ணே? எங்கிட்டயும் போன் இருக்குதானே?”

அண்ணன் போனை வைத்துவிட்டார்.

லூர்துராணி கதவோரம் நின்று முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். “நான் போயிடட்டுமாம்மா?”

போ என்றுதான் கமருக்கு நாக்கு நுனிவரை வந்தது. போய்விட்டால் யார் அவளைப் படுக்கவைப்பது? யார் புரட்டிவிடுவது? அண்ணன் வந்து தூக்கிக்கொண்டு போவார், மாடிக்கு. கோபித்துக்கொள்வதற்குக்கூட ஆள் பலம் வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“வேற ஆள் நானே தேடிக்கிறேன். கிடைக்கிற வரைக்கும் இருங்க” என்றாள்.

பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத் தட்டு அவள் மடியிலேயே இருந்தது. விரல்களால் ஒரு பழத்தைப் பற்றினாள், முழங்கை எழவில்லை. மறுபடி முயன்றாள். பழம் நழுவி மடியில் விழுந்தது. லூர்துராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கையைக் கழுவிவிட்டு, அந்தப் பழத்தை எடுத்துக் கொட்டையை நீக்கி, எப்போதும்போல் உதட்டருகே நீட்டினாள்.

கமர் ஜஹான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நோன்பு திறக்கும் துஆவை ஓதினாள். பிறகு அந்தக் கைக்கு வாயைத் திறந்தாள்.