கோயிலுக்கு நேரே ஓர் உதை

பக்கத்து வீட்டு ஷாமிளாவை எங்கள் தேயிலைத் தோட்டமே கராத்தேக்காரி என்றுதான் கூப்பிட்டது. கராத்தே இல்லை, டேக்வாண்டோ என்று அவளும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அதிலும் அவள் செய்தது ஆளோடு ஆள் மோதும் சண்டை இல்லை, பூம்சே. எதிரி முன்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டு, தனி ஆளாக, வரிசை பிசகாமல் குத்தும் தடுப்பும் உதையும் செய்துகாட்ட வேண்டும். கால் நேராகப் போகிறதா, உடம்பு ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்து நடுவர்கள் புள்ளி போடுவார்கள். "ஆளே இல்லாம யாரைடி அடிக்கிற?" என்று லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் கேட்பார்கள். அவள் சிரித்துவிட்டுப் போவாள். எனக்குத்தான் கோபம் வரும்.

ஓப்பநாயக்கவிலிருந்து மேலே ஏறினால் வரும் எங்கள் தோட்டத்தில் காலை ஊன்றி நிற்கச் சமதரை கிடையாது. ஒரே ஒரு இடம் உண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம். காலையில் கொழுந்து பறித்து, அரை நாள் சம்பளமான அரைப்பேரை வாங்கிக்கொண்டு, பின்னேரம் அங்கேதான் பழகுவாள். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறி டவுனில் இருக்கும் கிளப்புக்குப் போவாள். மற்ற நாளெல்லாம் களம்தான்.

அந்தக் களத்தின் தலைமாட்டில் மாரியம்மன் கோயில் இருந்தது. அவளுடைய அம்மா மல்லிகா அக்கா களத்துக்கு விடும்போதே ஒரு கட்டளை போட்டார். "என்னத்தையும் பழகு. ஆனா சாமிக்கு நேரா மட்டும் காலைத் தூக்காத." மல்லிகா அக்காவை மூடநம்பிக்கைக்காரி என்று யாரும் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஷாமிளாவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு, பிள்ளை பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்டபோது அந்த வாசலில் கிடந்து மீட்டவர் அவர்.

வேறு பக்கம் திரும்பி நின்று பழகலாமே என்று நானும் கேட்டேன். "எந்தப் பக்கம் திரும்பினாலும் நாலு திசைக்கும் உதை இருக்கு சித்தி. ஏதாவது ஒண்ணு கோயிலுக்கு நேரா வந்துரும்" என்றாள் ஷாமிளா. அதனால் கோயிலைப் பார்த்து வரும் உதையில் மட்டும் இடுப்பைக் கொஞ்சம் ஒதுக்கி, காலைப் பக்கவாட்டில் விடுவாள். சாமிக்கும் மரியாதை, பாடமும் முடிந்தது.

மாகாணப் போட்டியில் அது பெரிதாகத் தெரியவில்லை. அங்கே மெடல் வாங்கினாள். கொழும்பில் நடந்த தேசிய அணித் தேர்வில்தான் மாட்டிக்கொண்டாள். களத்தில் கோயில் இருந்த பக்கத்தில் அங்கே நடுவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து வரும் உதை ஒவ்வொன்றும் கோணிக்கொண்டு போனது. "கெலின், நங்கி, கெலின்!" என்று கிளப் மாஸ்டர் சிங்களத்தில் கத்துவாராம், நேராப் போடு தங்கச்சி என்று. மனசு கேட்டாலும் கால் கேட்க வேண்டுமே. ஒரு வருடம் தோற்றாள். மறு வருடமும் தோற்றாள். காரணத்தை மாஸ்டரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. இன்னொரு தேர்வு பாக்கி இருந்தது. அதிலும் தவறினால் கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போவதாகப் பேச்சு. ஞாயிறுகூட லீவு இல்லாத கடை. போனால் பழக்கம் அதோடு சரி.

இரண்டாவது முறை தோற்று வந்த கிழமை, கிளப் தோழி ஆதிலா எடுத்த வீடியோவை மல்லிகா அக்கா போனில் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் இருந்தேன். திடீரென்று நிறுத்தினார்.

"எல்லாம் அழகா வருது. இங்க மட்டும் ஏன்டி காலு கோணுது?"

ஷாமிளா தலையைக் குனிந்தாள். "அங்கதாம்மா கோயிலு இருக்கு."

"கொழும்பு ஹோல்ல ஏதுடி கோயிலு?"

"எனக்கு இருந்திச்சும்மா."

மல்லிகா அக்கா போனைக் கீழே வைத்தார்.

மறுநாள் பின்னேரம் மலையிலிருந்து இறங்கி, கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, நேரே களத்துக்கு வந்தார். கோயில் வாசலில், மகளைப் பார்த்து நின்றார். சாமிக்கு முதுகைக் காட்டி அந்த மனுஷி நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இப்ப தூக்கு. சாமிக்கு நேரா இல்ல, எனக்கு நேரா. பாவம்னு ஒண்ணு வந்தா எனக்கு வரட்டும்."

"அம்மா, ஒதுங்குங்கம்மா!"

"தூக்குடி!"

கால் எழுந்தது, பாதியில் இறங்கியது. சாமிக்கே தூக்காத காலை, பெற்ற தாயின் முகத்துக்கு எப்படித் தூக்குவாள்? அம்மா திட்டத் திட்ட, அழுதுகொண்டே தூக்கினாள். ஒவ்வோர் உதைக்கும் ஓடிப்போய் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "கொழும்புலயும் ஜட்ஜ்மார் காலைத் தொடப் போறியா?" என்று அக்கா அதட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மழை நாள், கால் கடுக்கும் நாள் என்று பார்க்காமல் தேர்வு வரைக்கும் அக்கா அங்கே நின்றார். பாதம் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். அவர் கண்ணை மூடவே மாட்டார்.

தேர்வுக்கு ஷாமிளா தனியாகத்தான் போனாள். மத்தியானம் எனக்குத்தான் போன் வந்தது. "சித்தி, எடுத்துட்டாங்க! டீம்ல என் பேரு இருக்கு! அம்மாகிட்ட சொல்லுங்க." நான் மலைக்கே ஓடினேன். அக்கா கேட்டது ஒன்றுதான்: "காலு நேராப் போச்சாமா?"

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் அம்மாவின் காலில் விழக் குனிந்தாள். அக்கா அவளைப் பிடித்து வீட்டு வாசற்படியில் உட்காரவைத்து, தானும் கீழே உட்கார்ந்து, மகளின் வலது காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாதமெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"காலைத் தொடாதீங்கம்மா, பாவம்" என்று ஷாமிளா காலை இழுத்தாள்.

"அது எனக்கும் மாரியம்மாவுக்கும் உள்ள பேச்சு. நீ சும்மா இரு" என்று சொல்லி, அந்தப் பாதத்தைக் குனிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டார்.