நாலு என்று சொன்னது நான்

அண்ணன் காணாமல் போய் நாலு வருடம் முடிந்திருந்தது. காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் பைக்கை நிறுத்திவிட்டுப் போனவன் திரும்பவில்லை. ஆடி அமாவாசை வந்தால் அவனுக்கும் தர்ப்பணம் விடுவதா என்ற கேள்வி வரும். உயிரோடு இருப்பவனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டால் நாமே கொன்ற மாதிரி. செத்தவனுக்கு விடாமல் இருந்தால் தாகத்தோடு அலைவான்.

நான் காரைக்காலை அடுத்த நெரவியில், எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து வம்சாவளி எழுதிக்கொண்டிருந்தேன். மனிதர்களுக்கு அல்ல. விஞ்ஞானிகள் கம்ப்யூட்டருக்குள் ஒரு பிரபஞ்சத்தை வளரவிட்டு, இடைவெளி விட்டுப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதில் டார்க் மேட்டர் என்கிற கரும்பொருள் திரள் திரளாகச் சேரும், சிறியது பெரியதில் விழுந்து கரையும். எது எதில் கலந்தது என்று படத்துக்குப் படம் தொடர்ந்து மரம் வரைவது என் பிழைப்பு. தொல்லை என்னவென்றால், பெரியதற்குள் புகுந்த சிறு திரள் சில படங்களில் புரோகிராமின் கண்ணுக்குத் தெரியாது. கரைந்துவிட்டதா, மறைந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது.

அமாவாசைக்கு முந்தின நாள் காலை, துணி காயப்போட வந்த அப்பா திரையைப் பார்த்தார்.

“காணாம போனத எத்தன படம் வரைக்கும் தேடுவ பாப்பா?”

“நாலு. அதுக்கு மேல வராதுப்பா. முடிஞ்சிச்சுன்னு எழுதிடுவேன்.”

“நாலுதானா?”

“நாலு போதும்ப்பா,” என்றேன் எரிச்சலாக, தலையைத் தூக்காமல். அந்த நாலை நான் யோசித்துப் போடவில்லை. எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர் போட்டது, இருக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

மறுநாள் கடற்கரையில் தாத்தா, பாட்டன், பூட்டன் பெயர்களைச் சொல்லி முடித்ததும் ஐயர் கேட்டார்: “வேற யாருக்காவது விடணுங்களா?”

அப்பா அண்ணன் பெயரைச் சொன்னார். என்னைத் திரும்பிப் பார்த்து, “நாலாச்சுல்ல பாப்பா,” என்றார். எள்ளுத் தண்ணீர் அவர் விரலிடுக்கில் வழிந்தது.

படத்தையும் வருடத்தையும் ஒன்றாக எண்ணியிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. தடுத்திருக்கலாம். ஆனால் காத்திருந்து காத்திருந்து எனக்கும் அலுத்துப்போயிருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நிஜம்.

படையல் முடிந்ததும் மாடிக்கு ஓடினேன். நாலை ஆறாக்கி புரோகிராமை மறுபடி ஓட்டினேன். முடிந்தது என்று நான் எழுதிவைத்த திரள்களில் ஒன்று ஐந்தாவது படத்தில் வெளியே வந்தது. திரளில் உள்ள ஒவ்வொரு துகளுக்கும் மாறாத எண் உண்டு. ஒப்பிட்டுப் பார்த்தேன். கொஞ்சம் மெலிந்திருந்தது, ஆனால் அதேதான்.

“ஏம்மா, அங்க அப்பா அவன் பேர ஏதும் சொல்லலியே?” என்று கீழேயிருந்து அம்மா கேட்டாள்.

“இல்லம்மா,” என்றேன்.

இப்போதும் தெருவில் பைக் சத்தம் கேட்டால் அம்மா வாசலுக்குப் போகிறாள். அப்பா எழுந்திருப்பதில்லை, என் கணக்கை நம்பிவிட்டார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது, அவன் வந்து நின்றுவிடுவானோ என்று.