அண்ணியிடம் கேட்ட பைக்

அண்ணியின் சைக்கிள் மணி ஒழுங்காக அடிக்காது. அழுத்தினால் கிழவர் இருமுவதுபோல ஒரு சத்தம்தான் வரும். அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் சாயங்காலம் அந்த இருமல் கேட்டால், அண்ணி டியூட்டி முடிந்து வந்துவிட்டார் என்று அம்மா டீக்குப் பால் வைப்பாள்.

என் அண்ணன் ஆற்றுப்பாலத்தில் பைக்கில் போகும்போது லாரியில் அடிபட்டு இறந்தான். அதற்குப் பிறகு அண்ணி மோட்டார் வைத்த இரண்டு சக்கர வண்டி எதிலும் ஏறவில்லை. தன் ஸ்கூட்டரை விற்றுவிட்டுப் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டார். புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவர் நர்ஸ். வேலைக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பாலம் வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டே போவார். "போறப்பவும் வர்றப்பவும் அவர் செத்த எடத்த மிதிச்சிட்டுப் போறேன் பாப்பா. முடியல. எங்கனா கண்காணாம போயிடணும்" என்று ஒருநாள் என்னிடம் சொல்லி அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்திருந்தால் பேரப்பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு; பாரீஸ் பக்கத்து ஊர் மாதிரி. எங்கள் தாத்தாவோ கரும்பு வெட்டினார். ஆகவே அண்ணி வாயைத் திறந்து இங்கிலீஷ் பேசித்தான் வெளியே போக வேண்டியிருந்தது. லண்டன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை தயாராக இருந்தது. பேச்சுத் தேர்வில் தேறினால் விமானம்தான்.

முதலியார்பேட்டையில் ஒரு கோச்சிங் வகுப்பில் சேர்ந்தார். வீட்டில் நான் கேள்வி கேட்பேன், அவர் பதில் சொல்வார். பூக்கள், மழை, பக்கத்து வீட்டுக்காரர் என்று என்னென்னவோ தலைப்புகள். மற்றதிலெல்லாம் திக்கித் திணறுகிறவர், சைக்கிள் என்றால் மட்டும் ஆற்றொழுக்காகப் பேசுவார். "ஐ ஹேவ் எ சைக்கிள், சார். இட் இஸ் ஓல்டு. பட் இட் நெவர் லெஃப்ட் மீ." அதைக் கேட்டு வகுப்பே கைதட்டியதாம். "சைக்கிள் மட்டும் வந்துச்சின்னா, நீங்க பிளைட் ஏறிட்டீங்கன்னு வச்சிக்கங்க மேடம்" என்றாராம் வாத்தியார்.

சென்னையில் தேர்வு. நான் துணைக்குப் போய் வெளியே காத்திருந்தேன். வெளியே வந்த அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை. பஸ் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது நடந்ததைச் சொன்னார்.

"பைக்கப் பத்திக் கேட்டாரு பாப்பா. பைக் இருக்கான்னாரு, இல்லன்னேன். சின்ன வயசுல வச்சிருந்தியான்னாரு. சின்னப் புள்ளைக்கு எவன் பைக் வாங்கித் தருவான்னு முழிச்சேன். எல்லா வயசுக்காரங்களும் ஓட்டலாமான்னாரு. 'நோ சார், நோபடி'ன்னேன். ஏன்னாரு. அதுக்கப்புறம் பேச்சே வரல."

அரைப் புள்ளியில் தேர்வு போயிற்று. முடிவு வந்த அன்றுதான் வாத்தியார் விளக்கினார்: வெள்ளைக்காரர்கள் வாயில் பைக் என்றால் சைக்கிளும்தான். பெட்ரோல் ஊற்றி ஓட்டுவது மட்டும்தான் நம் ஊரில் பைக். அண்ணி முதலில் சிரித்தார். "சைக்கிளையா கேட்டாரு?" என்று இரண்டு மூன்று முறை கேட்டார். பிறகு வகுப்பின் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த மொழிமேலேயே ஆத்திரம் வந்தது. ஒருத்தியின் நெஞ்சுக்குள் கிடக்கிற பிணத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, போதாது என்று மார்க் போடுகிற தேர்வு என்ன தேர்வு?

அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. இன்னொரு முறை எழுதச் சொல்லிக் கெஞ்சினேன். "வேணாம் பாப்பா. என்னா கேட்டாலும் அவர்தான் பதிலா வராரு" என்று முடித்துவிட்டார். நான் கெஞ்சினால் விடிந்துவிடுமா என்ன?

நேற்று பஸ்ஸில் பாலத்தைக் கடந்தபோது அண்ணியைப் பார்த்தேன். ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் பைக்குகள் வழி கேட்டு ஹாரன் அடித்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வீடு வந்து வெகுநேரம் கழித்து வாசலில் அந்த இருமல் கேட்டது. எதையாவது பேச வேண்டுமே என்று, "புது மணி ஒண்ணு மாட்டிடலாம் அண்ணி" என்றேன்.

"எங்க போவப்போறேன் பாப்பா, இது போதும்" என்று சொல்லி ஸ்டாண்டு போட்டார்.