ஓடாத கன்டெய்னர் அனுப்பிய மெசேஜ்

எனக்குப் பேய் பிசாசு, சாமி அருள் எதிலும் நம்பிக்கை கிடையாது. எங்கள் ஆபீஸில் ராகு காலத்தில் யாரும் எதையும் டிப்ளாய் செய்ய, அதாவது புது ப்ரோக்ராமை ஓடவிட, மாட்டார்கள், நான் மட்டும் வேண்டுமென்றே செய்து வெறுப்பேற்றுவேன். அப்பேர்ப்பட்ட ஆள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

நானும் கூட வேலை பார்க்கும் டேவிட்டும் ஓய்வு நேரத்தில் ரத்த தானத்துக்கு ஒரு இணையப் பக்கம் நடத்தினோம். எந்த வகை ரத்தம் வேண்டுமென்று போட்டால், பதிவு செய்த அந்த வகைக்காரர்களின் போனுக்கு மெசேஜ் போகும், அவ்வளவுதான். அது ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் படுத்துவிட்டது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அந்த வாரமே டேவிட்டின் மனைவி மெர்சிக்குப் பிரசவம்.

பிரசவத்தன்று மத்தியானம் டேவிட்டிடமிருந்து போன் வந்தது. "மச்சான், ப்ளீடிங் நிக்கவே இல்லடா. அவளுக்கு பாம்பே குரூப்பாம், லட்சத்துல ஒருத்தருக்குக்கூட இருக்காதாம், எந்த ப்ளட் பேங்க்லயும் இல்லன்றாங்க. நம்ம சைட்ட எப்படியாவது எழுப்புடா!" அவன் அழுது நான் அதுவரை கேட்டதில்லை.

யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று எங்கள் ப்ரோக்ராமின் கன்டெய்னர் இமேஜைப் பொதுவில் போட்டு வைத்திருந்தோம். சமைத்து அடுக்கி மூடிய டிபன் கேரியர் மாதிரி அது, எடுத்து க்ளவுடில், அதாவது இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் கம்ப்யூட்டரில், வைத்தால் போதும். பொம்மனஹள்ளி அறையில் உட்கார்ந்து டிப்ளாய் கொடுத்தேன். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கிடைத்த இணைய முகவரியை டேவிட்டுக்கு அனுப்பிவிட்டு, காத்திருக்கப் பொறுமையில்லாமல் பைக்கை எடுத்தேன். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நிற்கும்போது அவனே கூப்பிட்டு, "சைட் வந்துடுச்சுடா, மெசேஜ் போயிடுச்சு" என்றான்.

நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ஊருக்கு வெளியே ஆனேக்கல்லிலிருந்து ஒருவர் ஹெல்மெட்டும் கையுமாக வந்து நின்றார். பெயர் முருகேசன், ஃபேக்டரி வேலை. பரிசோதித்தார்கள், அதே வகை. மெர்சி பிழைத்தாள், பெண் குழந்தை.

மறுநாள் அந்தத் திரையைத் திறந்தால் சிவப்பு எழுத்தில் தோல்வி என்று இருக்கிறது. அவசரத்தில் போர்ட் எண்ணைத் தப்பாகக் கொடுத்திருக்கிறேன், க்ளவுட் ஒரு கதவைத் தட்ட ப்ரோக்ராம் வேறு கதவில் நின்றிருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு நொடிகூட யாருக்கும் திறந்திருக்க வழியில்லை. அதுகூடப் போகட்டும், பொதுவில் போடும் இமேஜில் யாருடைய நம்பரையும் வைக்க மாட்டோம், நம்பரெல்லாம் படுத்துப்போன கம்ப்யூட்டரில் கிடந்தது, அதை இணைக்கவே மறந்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை கூப்பினேன், யாரைப் பார்த்து என்று கேட்காதீர்கள்.

முருகேசனுக்குப் போன் போட்டேன். "எங்க சைட்ல எப்பண்ணா பேர் குடுத்தீங்க?"

"நான் எங்கயும் குடுக்கலியே சார். என்னுது ஓ பாசிட்டிவ்னுதான் இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேன். சாதாரண டெஸ்ட்ல இது ஓ-ன்னுதான் காட்டுமாம், நேத்து டெஸ்ட் பண்ணி அவங்க சொன்னப்புறம்தான் எனக்கே தெரியும்."

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"ஆஸ்பத்திரி பேரப் போட்டு, 'முருகேசா, சீக்கிரம் வா'ன்னு மெசேஜ் வந்துச்சு சார். பேர் சொல்லிக் கூப்புட்டா வராம இருக்க முடியுமா?"

எங்கள் ப்ரோக்ராமை வரி வரியாகத் தேடிப் பார்த்துவிட்டேன். யாரையும் பெயர் சொல்லி அழைக்கும் வரி அதில் ஒன்றுகூட இல்லை.