நூலைத் தொட்டால் மடங்கும் விரல்கள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்று சங்கரன்கோவிலில் எனக்கென்று ஒரு தறிக்கூடம் இருக்கிறதென்றால், அது என் வலது கை சம்பாதித்தது. விசைத்தறியில் ஒரு பாவு, அதாவது நெடுக்கு நூல், தீர்ந்ததும், புதுப் பாவின் இழைகளைப் பழைய நுனிகளோடு ஒவ்வொன்றாக முறுக்கி ஒட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் இருக்கும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு திருகு, அவ்வளவுதான், இரண்டு இழை ஒன்றாகிவிடும். பாவு பிணைப்பது என்போம். என் வேகத்துக்கு இந்த ஊரில் ஆள் கிடையாது. கரண்ட் போனாலும் நிறுத்தியதில்லை. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

போன வருஷம் ஆடித்தபசுத் திருவிழா நெருங்கும் சமயம். வழக்கமாக என்னோடு சேர்ந்து பிணைக்க வருபவர் இழையை மாற்றிப் பிணைத்துவிட்டார். "உம்ம கை வேண்டாம் வே, எங் கையே போதும்" என்று தறிக்காரர்கள் எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பிவிட்டேன். தபசுக்குக் கொடுக்க வேண்டிய சேலைக்கான பாவு தறியில் ஏறி நின்றது. சாம்பலைத் தொட்டு முதல் இழையை எடுத்தேன். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. உதறினால் நீண்டன. நூலைத் தொட்டால் மறுபடி மடங்கின.

சோறு பிசைய, வேட்டி கட்ட, வண்டி ஓட்ட அதே கை ஒழுங்காக வந்தது. சாம்பலில்தான் கோளாறு என்று வேறு சாம்பல் மாற்றினேன். பாவுக்குக் கஞ்சி போட்டவனைத் திட்டினேன். கோயில் புற்றுமண்ணைக் குழைத்துக் கையில் பூசினேன். எப்போது பிணைப்பீர்கள் என்று தறிக்காரர்கள் கேட்கக் கேட்க, கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றையாக உட்கார்ந்து பழகினேன். பழகப் பழக நடுவிரலும் சேர்ந்து மடங்கியது.

திருநெல்வேலியில் நரம்பு டாக்டரம்மா பேனாவைப் பிடிக்கச் சொன்னார், சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார். எல்லாம் செய்தேன். மடியில் கொண்டுபோயிருந்த நூலை எடுத்ததும் விரல்கள் காட்டிக்கொடுத்துவிட்டன.

"கையில ஒண்ணும் இல்லய்யா. மூளைக்குள்ள ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஒரே நுணுக்கமான வேலைய இத்தனை வருஷம் செஞ்சதுல அந்த இடமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துட்டு. நீங்க ஒரு விரலுக்குச் சொல்லுதீங்க, பக்கத்து விரலும் கேக்குது."

இன்னும் விடாமல் பழகினால் சரியாகுமா என்று கேட்டேன்.

"பழகிப் பழகி வந்ததுதான் இது. இன்னும் பழகினா தப்பைத்தான் நல்லாப் படிக்கும்."

ஊசி உண்டு, மெதுவாகச் செய்யும் வேறு பயிற்சி உண்டு, ஆனாலும் முழுக்கத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். செய்து செய்து பிடித்ததைத் தவிர வேறு படிப்பு எனக்கு ஏது? அந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் பாதி வழியிலேயே இறங்கிவிடப் பார்த்தேன். வெளியே இறங்கி ஓடினாலும் என் மண்டையும் கூடவேதானே வரும்.

"புத்துமண்ண தலையிலல்லா அப்பியிருக்கணும்" என்றாள் வீட்டுக்காரி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நான் விரட்டியவருக்குப் போன் போட்டாள்.

மறுநாள் காலையில் அவர் வந்து பாவின் முன்னால் உட்கார்ந்தார். என் கையைப் பார்த்தார். சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன்.

"அண்ணாச்சி, அந்தக் கைய மடியில வைங்க. இடது கை சும்மாதான இருக்கு? இழைய எடுத்துக் கொடுங்க."

நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் செய்கிற வேலை அது. எழுந்து போகலாமென்றால் வாசலில் தறிக்காரர்கள் நின்றார்கள். பாவுக்கும் தறிக்கும் நடுவே, இழைகளுக்குள் குனிந்து உட்கார்ந்தேன். முதலில் இழை இரண்டிரண்டாக வந்தது. அவரே பிரித்துக்கொண்டார். சாயங்காலம் அவரே, "கொஞ்சம் மெதுவாக் கொடுங்க அண்ணாச்சி, என்னால முடியல" என்றார்.

சேலை தபசுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் அவர் பிணைக்க, நான்தான் இழை கொடுக்கிறேன். இடது கையாலும் என் வேகத்துக்கு இந்த ஊரில் ஆள் கிடையாது. வலது கையை மட்டும் தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கிறது. இடது கை இழையைத் தொடும்போதெல்லாம், அங்கே அது தானாக மடங்குகிறது.