சில்வெரியோ காட்டிய இடங்கள்

பினதூபோ எரிமலை வெடித்த நான்காம் ஆண்டு, மழைக்காலத்தில் ஊர் புதைந்தது. மலைமேல் கொட்டிய மழை, சரிவில் குவிந்திருந்த சாம்பலைக் கரைத்து இழுத்து வந்தது. குழைத்த சிமெண்டுபோல ஊருக்குள் புகுந்த அந்தச் சேறு, இருபதடி உயரத்துக்கு ஏறி இறுகிவிட்டது. கல்லறைத் தோட்டமும் அதற்கடியில் போயிற்று.

அதன்பிறகு குழிவெட்டி சில்வெரியோவுக்கு வேறு வேலை வந்தது. கல்லறைத் திருநாளன்று வருகிறவர்களுக்காக, புதையாமல் நின்ற மாதா கோயில் மணிக்கூண்டிலிருந்து அடி எண்ணி நடந்து, "இங்கதான்" என்று மணலைக் காட்டுவார். அவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றி அழுதுவிட்டுப் போவார்கள்.

ஊர் புதைந்த ஒன்பதாம் வருடம், ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் பெலிசா வந்தாள். கூடவே மண்வெட்டியோடு மூன்று ஆட்கள்.

"கோயா," என்றாள், அண்ணனை அழைக்கும் ஊர்ச்சொல்லால். "அம்மா எலும்பை எடுத்து மேட்டுல வைக்கணும். அடுத்த மழைக்கு மறுபடி சேறு வரும்ங்கிறாங்க. அவளை இன்னும் எத்தனை தடவைதான் புதைக்கிறது?"

சில்வெரியோ நடந்தார். நாற்பதாவது அடியில் நின்றுவிட்டார்.

"என்ன கோயா, எண்ணிக்கை மறந்துபோச்சா?" ஆட்களில் ஒருவன் சிரித்தான். "நீங்க இடத்தைச் சொல்றதுக்குள்ள எங்களையே புதைக்கணும்போல!"

அவர் மறக்கவில்லை. சேறு வந்த அன்று கோயில் கூரையில் ஒண்டியிருந்தபோது பார்த்தார். சேறு மூடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டது. கல்லறைகள் உடைந்து, சவப்பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு தெற்கே போயின. அழ ஓர் இடம் வேண்டுமே என்றுதான் முதல் வருடம் பொய் சொன்னார். அது இரக்கமா, கோழைத்தனமா? அவருக்கே தெரியவில்லை. இப்போது இருபதடிக் குழி. மேலேதான் இறுக்கம், உள்ளே வெறும் மணல். சரிந்தால் மூன்று பேரும் போவார்கள்.

"தோண்ட வேணாம், பெலிசா. கீழ யாரும் இல்ல. எல்லாம் அன்னிக்கே அடிச்சிட்டுப் போயிடுச்சு. என் கண்ணால பாத்தேன்."

சிரித்தவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"அப்போ ஒன்பது வருஷமா என் தங்கச்சி இங்க வந்து யார்கிட்ட அழுதா?" என்றாள் பெலிசா.

அவர் குனிந்து, கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"எந்தப் பக்கம் போச்சு? அதையாவது நிஜமா சொல்லுங்க."

தெற்கே கை காட்டினார். அங்கே சேற்றின்மேல் புதிதாக எழுந்த வீடுகள், சந்தை, பிள்ளைகள் பந்து விளையாடும் திடல்.

பெலிசா அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அப்போ அம்மாவை மிதிக்காம நான் எங்க கோயா கால் வைக்கிறது?"

கேட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.